கணக்கில் செத்தது... கையில் உயிரோடு!

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோமதியம்மன் தபசுக் காட்சியைச் சொல்லி முடித்த கையோடு, கடைத்தெரு கதைக்கு வந்துவிடுவார்கள். வளையல் கடை, மிட்டாய்க் கடை, ராட்டினம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து, மண்டியில் காய் போட்ட காசோடு பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்த குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

1990-களில் இந்த மாதிரித் திருவிழாக் கடைகளில் புதிதாக ஒரு சரக்கு வந்து உட்கார்ந்தது. கைக்கு அடக்கமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. சாம்பல் நிறத்தில் குட்டித் திரை. உள்ளே இரண்டு செல் போட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். மேலிருந்து செங்கல் செங்கலாக விழும். கீழே இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். பிரிக் கேம்!

டப்பா மேல் கொட்டை எழுத்தில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். அதாவது, ஒரே டப்பாவில் 9,999 விளையாட்டுகளாம். எண்ணிப் பார்த்தால் சில டஜன்கூடத் தேறாது. அதையே வேகம் ஒன்று, வேகம் இரண்டு, லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று பெருக்கிப் பெருக்கி அந்த எண்ணிக்கையைக் காட்டினார்கள். என்னைப் போல் பி.காம். படித்தவர்களுக்கு இது பழகிய வித்தைதான். பாலன்ஸ் ஷீட்டில் இதற்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர்.

அது கிடக்கட்டும். அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

மாஸ்கோவிலிருந்து. சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதியது. பெயர், டெட்ரிஸ். அவர் எழுதிய எலெக்ட்ரானிகா 60 என்கிற கம்ப்யூட்டரில் படம் போடும் வசதியே கிடையாது. எழுத்து மட்டும்தான் தெரியும். மனிதர் அசரவில்லை. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதையே செங்கல் என்றார். அங்கேயே வளைய வந்துகொண்டிருந்த வதீம் கெராசிமோவ் என்ற 16 வயதுப் பையன், அதை ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தான். பிளாப்பி மாறிப் பிளாப்பி, கை மாறிக் கை, ஊர் ஊராகப் போனது டெட்ரிஸ். 1989-ல் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி, கேம் பாய் என்ற கையடக்கக் கருவியோடு சேர்த்து அதை விற்றபோது உலகமே விழுந்தடித்து வாங்கியது. விளையாட்டின் உரிமை அரசாங்கத்திடம் இருந்ததால், எழுதிய பஜித்னோவுக்கு 1996 வரை ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை என்பது தனி சோகம்.

ஆக, ஆடித்தபசுக் கடையில் ஒரு புளியங்குடிப் பையன் அடம்பிடித்து வாங்கிய டப்பா, மாஸ்கோ சரக்கின் பிரதிக்குப் பிரதி. அப்படி வந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றுக்கு லைசென்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

ஒரு கருவிக்காக எழுதிய விளையாட்டை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றுவதற்கு கம்ப்யூட்டர்காரர்கள் 'போர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. பெயர்த்தெழுதுதல். பழைய ஓலை செல்லரித்துப் போவதற்கு முன்னால் புது ஓலையில் எழுதிவைப்பார்களே, அது. இங்கே ஒரே ஒரு வேடிக்கை. இந்தக் கதையில் பல சமயம் புதிய ஓலையிலிருந்து பழைய ஓலைக்குப் பெயர்த்தெழுதுகிறார்கள்!

எப்படி என்கிறீர்களா? 1990-களில் நம் ஊர் வீடுகளில் டி.வி.யோடு இணைத்து விளையாடிய சாமுராய், மீடியா பெட்டிகள் ஞாபகம் இருக்கிறதா? மாரியோ, கான்ட்ரா, துப்பாக்கியால் வாத்து சுடுகிற விளையாட்டு... அதெல்லாம் 1983-ல் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்கள். அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் முதல் ஒன்றிரண்டு பத்திகளை அதில் போட்டாலே நிரம்பிவிடும். 1991-ல் போட்டிக் கம்பெனியான சேகா, தன்னுடைய மெகா டிரைவ் பெட்டிக்காக சோனிக் என்ற முள்ளெலி விளையாட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்கு 64 கிலோபைட். அதாவது 32 மடங்கு. அந்த விளையாட்டை ஃபேமிகாமில் ஓட்ட முடியுமா? 'முடியும்' என்றார்கள் தைவான்காரர்கள். 1994-ல் 'சோமாரி' என்று ஒன்று வந்தது. சோனிக் ஓடவேண்டிய பாதையில் மாரியோ ஓடுவார்! சம்பந்திச் சண்டையில் இருக்கும் இரண்டு கம்பெனிகளின் பிள்ளைகளுக்கு, இரண்டு பேருக்கும் தெரியாமல் தைவானில் கல்யாணம்.

அது வியாபாரம். அனுமதி இல்லாமல் செய்து காசு பார்த்தார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு வந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. இவர்களும் அனுமதி வாங்கவில்லை. ஆனால், காசும் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, வேலை முடிந்த ராத்திரிகளில், கம்பெனியே கைகழுவிவிட்ட கருவிக்காக எழுதுகிறவர்கள். 'ஹோம்புரூ' என்பார்கள். வீட்டில் காய்ச்சியது என்று அர்த்தம். நம் ஊரில் அப்படிச் சொன்னால் போலீஸ் வரும்!

இந்தக் கூட்டத்தின் ஒரு பெரிய யுத்தகளம், சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான கையடக்கக் கருவி. கடையநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் இது கடையில் வாங்கிய பொருளாக இருந்ததைவிட, துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ லீவில் வந்த வாப்பாவின், மாமாவின் பெட்டியிலிருந்து இறங்கிய பொருளாக இருந்ததுதான் அதிகம். சோனி அதற்கு நல்ல பூட்டாகப் போட்டிருந்தது. கம்பெனி முத்திரை குத்திய விளையாட்டு மட்டும்தான் ஓடும்.

பூட்டு எத்தனை நாள் தாங்கியது? 2005 மே மாதமே வெளியாட்கள் எழுதிய புரோகிராம் அதில் ஓடிவிட்டது. சோனி மென்பொருளைப் புதுப்பித்தது. இவர்கள், புரோகிராம் ஏறுகிற அந்தச் சில நொடியில் ஒரு மெமரி ஸ்டிக்கை உருவி இன்னொன்றைச் செருகி ஏமாற்றினார்கள். சோனி மறுபடி புதுப்பித்தது. இவர்கள், திரையின் பின்னணியில் வைக்கிற ஒரு படத்தைக் கோணல்மாணலாகத் தயாரித்து, அந்தப் படம் வழியாகவே உள்ளே புகுந்தார்கள். உச்சகட்டம் 2007-ல் வந்தது. சோனியின் சர்வீஸ் ஆட்கள் பழுதான கருவியை எழுப்புவதற்கென்றே ஒரு விசேஷ பேட்டரி வைத்திருந்தார்கள். பேட்டரிக்குள் இருக்கும் சீரியல் நம்பரைப் பார்த்ததும் கருவி, 'ஓ, நம்ம வீட்டு ஆள்' என்று கதவைத் திறந்துவிடும். அந்த நம்பரைச் சாதாரண பேட்டரியில் எழுதும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு இவர்கள் வைத்த பெயர், பண்டோரா பேட்டரி.

இந்தக் கதவு வழியாகத் திருட்டு விளையாட்டும் வண்டி வண்டியாக உள்ளே வந்தது. மறுப்பதற்கில்லை. சோனி பதறியதிலும் நியாயம் இருந்தது. ஆனால், அதே கதவு வழியாக வந்த இன்னொன்றுதான் நிலைத்தது.

அமெரிக்காவின் ஜான் கார்மாக், 1993-ல் வெளிவந்து உலகத்தையே ஆட்டிவைத்த டூம் விளையாட்டின் மூலநிரலை 1997 டிசம்பரில் பொதுவில் வைத்தார். 1999-ல் அடுத்த விளையாட்டான குவேக்கின் மூலநிரலும் அப்படியே வெளியானது. சமையல்காரரே செய்முறையை எழுதிக் கொடுத்த மாதிரி. யார் வேண்டுமானாலும் தன் அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம். இரண்டும் பி.எஸ்.பி.யில் ஓடின. ஆனால், கார்மாக் மாதிரி தாராளப் பிரபுக்கள் எத்தனை பேர்? மற்ற விளையாட்டுகளுக்கு என்ன செய்வது? சாப்பிட்டுப் பார்த்தே செய்முறையைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு அசகாய வேலையைச் சொல்கிறேன். 1996-ல் வந்த டூம்ப் ரைடர். லாரா கிராஃப்ட் என்ற வீராங்கனை குகைகளுக்குள் குதித்துக் குதித்துப் புதையல் தேடும் கதை. அது ஓடிய பிளேஸ்டேஷனில் 2 மெகாபைட் நினைவகம், படத்துக்குத் தனியாக ஒரு மெகாபைட், முப்பரிமாணக் கணக்கு போடுவதற்கென்றே தனியாக ஒரு துணைச் சில்லு. எக்ஸ்புரோகர் என்ற புனைபெயர்க்காரர் அதன் இன்ஜினை முதலிலிருந்து தானே எழுதினார். ஓபன்லாரா என்று பெயர். பிற்பாடு அதை கேம் பாய் அட்வான்ஸில் இறக்கினார். 2001-ல் வந்த நின்டென்டோவின் குட்டிக் கருவி அது. வேகம் பிளேஸ்டேஷனில் பாதி. வேகமான நினைவகம் 32 கிலோபைட், மந்தமானது 256 கிலோபைட். முப்பரிமாணத்துக்குத் தனிச் சில்லா? மூச்!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தக் கருவியின் சில்லுக்கு வகுத்தல் கணக்கு தெரியாது. கூட்டும், கழிக்கும், பெருக்கும். வகுக்கச் சொன்னால் திருதிருவென்று முழிக்கும். சுற்றி வளைத்து வகுக்க வைத்தாலும் ஏகப்பட்ட நேரம் எடுக்கும். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியவேண்டுமென்றால், தூரத்தால் வகுத்தே ஆக வேண்டும். ஒரு காட்சிக்கு நூற்றுக்கணக்கில் வகுத்தல். என்ன செய்வது?

நம் தாத்தாக்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்தவர்கள் ஆயிற்றே. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கெல்லாம் வாய்ப்பாடு. கடைக்கு வந்து உட்கார்ந்தபிறகு யாரும் கணக்குப் போடுவதில்லை. மனதில் இருப்பதை எடுத்துச் சொல்வார்கள். ஓபன்லாராவில் நடப்பதும் அதுதான். ஒன்றை இரண்டால், மூன்றால், நான்கால் வகுத்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு நீளப் பட்டியல். ஏழால் வகுக்கவேண்டுமா? பட்டியலில் ஏழாவது எண்ணை எடு, அதால் பெருக்கு. முடிந்தது வேலை.

தசமப் புள்ளிக்கும் இதேபோல் ஒரு வழி. அந்தச் சில்லுக்குப் புள்ளி வைத்த எண்ணைக் கையாளும் சௌகரியம் கிடையாது. மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் புள்ளி பிடிக்காவிட்டால் என்ன செய்வார்? பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசாவை 1,250 பைசா என்று எழுதிக் கூட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் ரூபாயாக்கிச் சொல்வார். அதே டெக்னிக்! இப்படிச் சேர்த்த துளித்துளி மிச்சத்தில்தான் லாரா, உள்ளங்கைக் கருவியில் குகைக்குள் ஓடுகிறாள். படம் கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும். இருந்தால் என்ன?

'சரி சார், இதெல்லாம் எதற்கு? திருட்டு வி.சி.டி. மாதிரிதானே இதுவும்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2002-ல் வந்த ஜி.டி.ஏ. வைஸ் சிட்டியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் ஒரு காலத்தில் பையன்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியது இதைத்தான். வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் சேர்ந்து அந்த விளையாட்டையும் அதற்கு முந்தைய ஜி.டி.ஏ. மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மூலநிரலைத் திரும்ப எழுதினார்கள். 2021 பிப்ரவரியில் அது பிரபலமானது. அதை வைத்து, சோனியின் அடுத்த கையடக்கக் கருவியான வீட்டாவிலும் வைஸ் சிட்டி ஓடியது. வீட்டாவுக்கு அந்த விளையாட்டை கம்பெனி கொடுத்ததே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் திருட்டு வி.சி.டி.யிலிருந்து ஒரு முக்கிய வித்தியாசம். ரசிகர்கள் கொடுத்தது இன்ஜினை மட்டும். படம், பாட்டு, வசனம், ஊர், கார் எதுவும் அதில் இருக்காது. அசல் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதிலிருந்து நீங்களேதான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அசல் விற்றால்தான் இது ஓடும்.

உரிமைதாரரான டேக் டூ கம்பெனி இதை ஏற்கவில்லை. பிப்ரவரியிலேயே புகார் கொடுத்து எடுக்க வைத்தது. ரசிகர்களில் ஒருவர் எதிர்மனு கொடுக்க, அந்த வருஷ நடுவில் திரும்ப வந்தது. செப்டம்பரில் கலிஃபோர்னியா கோர்ட்டில் வழக்கு. 2023-ல் சமரசமாகி வழக்கு முடிந்தது.

இடையில் என்ன நடந்தது தெரியுமா? 2021 நவம்பரில் கம்பெனியே பழைய மூன்று விளையாட்டுகளைப் புதுப்பித்து வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதமே பழைய பதிப்புகளை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. புதுசு வந்தது. ஓட்டை உடைசலாக வந்தது! முகம் கோணியிருந்தது, மழை சுண்ணாம்புக் கோடாகப் பெய்தது. ரசிகர்கள் சத்தம் போட, கம்பெனி மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்கான பழைய பதிப்புகளைத் திரும்பக் கடையில் வைத்தது. கம்பெனிக்கு உரிமை இருந்தது, சந்தேகமில்லை. அக்கறை யாரிடம் இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறைப்படி வாங்கிய புரோகிராமை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக, வியாபார நோக்கமில்லாமல், பிரதி எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. இன்னொரு புரோகிராமோடு சேர்ந்து இயங்கத் தேவையான விவரத்தைத் தோண்டி எடுக்கவும் வழி வைத்திருக்கிறது. 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை ஜெயில் என்கிறது. ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் விலங்கு. எண்ணம் என்ன என்பதுதான் விஷயம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கினால் வருஷம் பத்தாயிரம் கழித்துக்கொண்டே வருவோம். பத்தாவது வருஷம் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால், மெஷினுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்!

கம்பெனிகள் ஒரு கருவியைக் கொல்வது இந்தப் புத்தகத்தில்தான். வீட்டாவின் தயாரிப்பு 2019-ல் நின்றது. 2021 மார்ச்சில் சோனி, அதன் ஆன்லைன் கடையையும் மூடப்போவதாக அறிவித்தது. ஜனங்கள் கொதித்ததும் ஏப்ரலில் பின்வாங்கியது. நின்டென்டோ பின்வாங்கவில்லை. 3டி.எஸ். கருவிக்கான கடையை 2023 மார்ச் 27-ம் தேதி மூடியே விட்டது. டவுன்லோடாக மட்டுமே விற்ற விளையாட்டுகள், அன்றோடு புதிதாக வாங்க வழியில்லாமல் போயின. அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு கணக்கு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று விற்பனையில் இல்லை. நூற்றுக்கு எண்பத்தேழு!

அமெரிக்கக் கவலை நமக்கெதற்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2009-ல் ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம் 'தேசி அட்டா' என்று ஒன்றை பி.எஸ்.பி.க்காகச் செய்தது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுவது என்று நம் தெரு விளையாட்டுகள். பி.எஸ்.பி.யே 2014-ல் கணக்கு முடிந்த கருவி. பொங்கலுக்குப் பொங்கல் கபடிப் போட்டி நடத்துகிற ஊர்களில், கபடியைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவந்த இந்த விளையாட்டை நாளைக்கு யார் காப்பாற்றப் போகிறார்கள்? லாபம் வராத வேலையைக் கம்பெனி செய்யாது. செய்தால் ராத்திரி கண்விழிக்கிற எவனாவது ஒருவன்தான் செய்வான்.

உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிக் கவிராயர்கள் வீட்டு ஏடுகளையெல்லாம் தேடி அலைந்தபோது, சுவடி வைத்திருந்த எல்லோருமே அதைப் படிக்கிறவர்களாக இல்லை. சில வீடுகளில் சுவடி அடுப்புக்கே போயிருந்தது. சொந்தக்காரனிடம் இருந்தால் மட்டும் ஒரு பொருள் பிழைத்துவிடாது. பெயர்த்தெழுத ஒருவன் வேண்டும். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது அப்படித்தான். செங்கல் அடுக்குவதும் சிந்தாமணியும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லைதான். ஆனால், எது நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கம்பெனி தன் கணக்கை முடித்துக்கொள்ளட்டும். அது அவர்கள் வியாபாரம். கடையைக் காலி செய்துகொண்டு போகிறவர், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். கார்மாக் அதைத்தான் செய்தார். மற்றவர்கள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரவும் போவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் வாப்பாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த பழைய கருவி ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், ஆபத்து. மற்றபடி, பழைய இரும்புக்காரரிடம் போட அவசரப்படாதீர்கள். கணக்கில்தான் அது செத்திருக்கிறது.